ஜானவாசக் காருக்கு லாரி இன்ஜின்

மல்லேஸ்வரத்தில் என் காருக்கு ஒரு பெயர் உண்டு: வெந்நீர் அடுப்பு. பெயர் வைத்தவர்கள் பெரிய மனிதர்கள். காரணமில்லாமல் வைக்கவில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம், மார்கோசா ரோட்டில், ஒரு ஜானவாச ஊர்வலத்தின் நடுவில் என் காரின் ரேடியேட்டர் மூடி மேலே பறந்தது. நாதஸ்வரக்காரர் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நீராவிக்குள் மாப்பிள்ளை மறைந்துபோனார். மேகம் கலைந்தபோது, கோட்டும் சூட்டும் மாலையுமாக அவர் தெருவில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். மீதி இரண்டு தெருவும் நடந்தே போனார். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும், வேறு கார் வரும்வரை நகரமாட்டேன் என்று என் காரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரோடு நான் ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான மௌனம் அது. கல்யாணமானவன் சொல்கிறேன்.

நான் ஊரின் மறுபக்கம் சூளையில் இருக்கிற கத்தோலிக்கன். பெயர் தியோடர். பிழைப்பு, இந்துக்கள் வீட்டுக் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து மேளத்தோடு கூட்டி வருவார்களே, அந்தத் திறந்த கார் என்னுடையது. இருபத்தைந்தாம் வருஷத்து அமெரிக்க வண்டி. மேல்துணியை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் மாப்பிள்ளையும் எட்டுக் குழந்தைகளும் தாராளமாக உட்காரலாம். எங்கள் மாதா கோவில் பங்கில் பஞ்சாங்கம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். சாமியாருக்குக்கூட அது தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் நானே சொன்னேன். "அடுத்த முகூர்த்தம் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆவணிக்குப் பிறகு மல்லேஸ்வரத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் கழித்து, கார்த்திகை மாதம், கஸ்தூரிரங்கன் வந்தார். மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சூளையின் சந்துக்குள் அவருடைய ஜட்கா நுழைய முடியாமல், தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார்.

"உங்க கார் நின்னுபோன அன்னிக்கு நானும் ஊர்வலத்துல இருந்தேன், தியோடர்," என்றார். "என் அங்கவஸ்திரத்துல வெந்நீர் தெறிச்சுது."

"மன்னிக்கணும் சார்."

"அதுக்காக வரலை. தை இருபத்தாறு எங்காத்துல கல்யாணம். என் பொண்ணுக்கு. உங்க கார் வேணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். மாப்பிள்ளையின் பெயர் சந்தானம். யுத்தத்தில் அஸ்ஸாம் பக்கம் ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் இருந்தவர். ஜாக்கி நழுவி, ஒரு லாரி அவர் இடது கால் மேல் இறங்கிவிட்டது. இப்போது மெட்ராஸில் ஒரு பஸ் கம்பெனியில் இன்ஜினியர். நடப்பார். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலை இடுப்பிலிருந்து வீசிப் போட வேண்டும்.

"ஜானவாசமே வேண்டாம்னு சொல்லிடலாம். சொன்னா, காலுக்காகச் சொல்றோம்னு அவர் அம்மா நெனச்சுப்பா. அவருக்கும் அது தோணும். பண்ணினா, கோவில்ல ஏறினவர் எங்காத்து வாசல்லதான் எறங்கணும். நடுவுல ஒரு அடி நடக்கப்படாது. தெருவே அவர் காலைப் பார்த்துண்டு நிக்கும். அதை என் பொண்ணு மாடியிலேர்ந்து பார்த்துண்டிருப்பா."

"சார், ஊர்ல வேற திறந்த கார்..."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு அரண்மனையில. இன்னொருத்தன் பெட்ரோல் கிடைக்கலைன்னு கரிவாயுல ஓட்டப் பின்னாடி கரி அடுப்பு கட்டிண்டிருக்கான். அதுல ஏறினா மாப்பிள்ளை கரிமண்டிக்காரர் மாதிரி வந்து சேருவார்." எழுந்துகொண்டார். "நிக்காதுன்னு சொல்லுங்கோ. இல்லேன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லுங்கோ. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்."

"நிக்காது சார்," என்றேன்.

அவர் சந்துமுனையைத் தாண்டுவதற்குள் என் மனைவி பெர்னதெத் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "இன்னாங்க, நம்ம இன்ஜின்ல விரிசல் இருக்குன்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"இன்ஜினை மாத்திடறேன்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னீங்க. இந்தத் தடவை அந்தப் பையன் கால் இருக்குது நடுவுல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஹெர்பர்ட்டின் பட்டறையில் நின்றேன். ஹெர்பர்ட் பெர்னதெத்தின் அண்ணன். ரிச்மண்ட் டவுனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிய சாமான்கள் அங்கே கூரைவரை கிடந்தன. இரண்டு இன்ஜின்கள் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்று எருமை மழையில் நனைந்த மாதிரி இருந்தது.

"எட்டு சிலிண்டர், மச்சான்," என்று பளபளப்பைத் தடவினான் ஹெர்பர்ட். "ஒரு மேஜருடைய காரு. புளியமரத்துல விட்டுட்டாரு. மரத்துக்கும் ஒண்ணும் ஆவலை, இன்ஜினுக்கும் ஒண்ணும் ஆவலை."

"மேஜருக்கு?"

"அவரு ஊருக்குப் போயிட்டாரு."

"அது என்ன, எருமை?"

"அதைப் பாக்காதே. அது ராணுவ லாரிது. ஆறு சிலிண்டர். உருளைக்கிழங்கு ஏத்தறவனுக்கு. நீ மாப்பிள்ளை ஏத்தறவன்."

நான் ஒப்புக்கொண்டு விடுகிறேன்: எட்டு சிலிண்டர் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவன் நான். அதுவும் ஒரு வருஷமல்ல. அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு மேஜரின் இன்ஜினைக் காட்டினால் என்ன ஆகும்? பழைய இன்ஜினை இறக்கினோம். எட்டை ஏற்றினோம். பத்து நாள் வேலை. அது உள்ளே உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் காருக்காகவே பிறந்தது என்று சொல்லலாம். சொன்னோம். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் கூப்பனில் பாதியைப் போட்டு, ஓசூர் ரோட்டில் கிளம்பினோம். மடிவாளா ஏரி தாண்டும்போது ஹெர்பர்ட்டின் தொப்பி பறந்தது. நிறுத்தச் சொல்லவில்லை அவன். ஐம்பத்தைந்து மைல் வேகம். வழியில் ஒரு ஆட்டுமந்தை எங்களைப் பார்த்துத் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. சந்தாபுராவில் நிறுத்திக் காபி குடித்தோம். நான் பாதிக் காபியைச் சட்டையில் குடித்தேன். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தோம். சில்லென்றிருந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் கையை வைக்க முடிந்தது.

"மச்சான்," என்றான் ஹெர்பர்ட், "இனிமே மல்லேஸ்வரத்துல உன்னைக் கையால பிடிக்க முடியாது."

வீட்டுக்கு வந்தபோது பெர்னதெத் சமையற்கட்டில் பண்டிகைப் பலகாரமான கல்கல் உருட்டிக்கொண்டிருந்தாள். மாவைச் சின்ன உருண்டையாக முள்கரண்டி மேல் வைத்து அழுத்திச் சுருட்டுவாள். நானும் ஹெர்பர்ட்டும் வாசற்படியில் நின்று ஐம்பத்தைந்து மைல் கதையை ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அடுத்த உருண்டையை எடுத்தாள்.

"நாயனக்காரரு எத்தினி மைல்ல போவாரு?"

ஹெர்பர்ட் ஒரு கல்கல்லை எடுத்து உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தான். பொரிக்காத கல்கல்.

இருபத்தைந்து வருஷமாக இன்ஜின் பார்க்கிறவன் அவன். பன்னிரண்டு வருஷமாக ஜானவாசம் ஓட்டுகிறவன் நான். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிய காருக்கு, ஆட்டுமந்தையைப் பிளக்கிற இன்ஜினைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம். இருவரில் ஒருவனுக்காவது தோன்றியிருக்கலாம்.

"மெதுவாவும் போகும்," என்றேன்.

"சரி. நாளன்னிக்கு நான் முன்னாடி நடக்கறேன். நூத்தம்பத்து மூணு மணி சொல்லிக்கிட்டே நடக்கறேன். நீங்க பின்னாலயே வாங்க. ஜெபம் முடியற வரைக்கும் கொதிக்கலைன்னா இந்த இன்ஜின் இருக்கட்டும்."

நூற்றைம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்றால் சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று வகைத் தேவ இரகசியங்களும் முழுசாக. நிதானமாகச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெர்னதெத் நிதானமாகத்தான் சொல்வாள்.

அப்படியே லாங்ஃபோர்டு ரோட்டில் ஆரம்பித்தோம். அவள் கறுப்பு முக்காடு போட்டு, கறுப்புக் குடை பிடித்து, ஜெபமாலையோடு முன்னால் நடந்தாள். வெயிலுக்குத்தான் குடை. பின்னால் என் நீளக் கறுப்புக் கார், எறும்பு மாதிரி. அந்த ரோடு எங்கே போய் முடிகிறது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில்.

முதலில் ஒரு சைக்கிள்காரர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு பேக்கரிக்காரர் கடைக் கதவை ஒரு பக்கம் சாத்தினார். முனையில் நின்ற போலீஸ்காரர் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டு விறைப்பாக நின்றார். சந்தோஷ இரகசியங்கள் முடிவதற்குள் காருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் கோவில் பாடகர் குழுவில் இருக்கும் அல்போன்சா அக்கா மார்க்கெட் பையோடு வந்தவள், விசாரிக்காமலே கூட்டத்தில் கலந்து, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மறுமொழி சொல்லத் தொடங்கினாள். அவள் குரலுக்கு இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

ஒரு வயதான கனவான் வேகமாக நடந்து பெர்னதெத்திடம் போய், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "யாரும்மா இறந்தது?"

பெர்னதெத் ஜெபத்தை நிறுத்தவில்லை. குடையை மடக்கி என் பக்கம் நீட்டினாள். பாவம், அவர் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

துக்க இரகசியத்தின் மூன்றாவதில், ஆண்டவருக்கு முள்முடி சூட்டும் இடத்தில், மேஜரின் இன்ஜின் கொதித்தது. முதலில் விசில். பிறகு நீராவி. கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு நாற்பதடி தூரத்தில் கார் நின்றது. கூட்டம் தோத்திரத்தை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று திகைத்தது.

"என்னாச்சு?" என்றாள் அல்போன்சா அக்கா.

"ஒண்ணுமில்லைக்கா. இன்ஜின் பரீட்சை," என்றேன்.

அவள் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அங்கேயே, சுடுகிற பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். கையை உடனே எடுத்துவிட்டேன், முடிவை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிந்ததும் ஹெர்பர்ட் பட்டறைக் கதவைத் தட்டினேன். அவன் பண்டிகை முகத்தோடு வந்தான்.

"எட்டை இறக்கு. எருமையை ஏத்து."

"போவாது மச்சான். நீளம் ஜாஸ்தி. ரேடியேட்டர்ல இடிக்கும்."

"ரேடியேட்டரை முன்னால தள்ளு."

"தள்ளினா பானெட் பத்தாது."

"தகரம் வெட்டி ஒட்டு."

"காரு மூக்கு நீண்டு போயிடும். பாக்க சகிக்காது."

"என் மூக்கும்தான் நீளம். உன் தங்கச்சி கட்டிக்கலையா?"

"அதை நெனச்சுத்தான் சொல்றேன்," என்றான். ஆனாலும் சங்கிலிக் கப்பியை இழுத்துவிட்டான்.

இன்ஜினை மட்டும் மாற்றினால் போதாது, லாரியின் கியர் பெட்டியும் வேண்டும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். அந்தப் பெட்டியில் ஒரு முதல் கியர் இருந்தது. அதில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் வண்டி தானாகவே மனுஷன் நடக்கிற வேகத்தில் போகும். மலைப் பாதைச் சேற்றில் லாரிகள் வரிசையாக ஊர்வதற்காகச் செய்தது. மலையையும் சேற்றையும் எடுத்துவிட்டால் ஜானவாசம்தான். ஆனால் அந்தப் பெட்டி உட்கார, காரின் அடிச்சட்டத்தில் குறுக்கே இருக்கும் இரும்பை அறுத்து நாலு அங்குலம் பின்னால் வைத்து ஒட்ட வேண்டும். ஹெர்பர்ட் அறுக்கமாட்டேன் என்றான். நான் ரம்பத்தை எடுத்தேன். என் அறுப்பைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இரும்பின் மேல் இரக்கப்பட்டு அவனே வாங்கிக்கொண்டான்.

மீதி மார்கழி பூராவும் அப்படியே போனது. முகூர்த்தமில்லாத மாதம், காருக்கும் அவசரமில்லை. என் பத்து விரலில் ஆறில் துணி சுற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நாக்கை நீட்டினபோது சாமியார் என் முகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பெர்னதெத்தின் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

தை பிறந்து இரண்டாவது வாரம், மறுபடி லாங்ஃபோர்டு ரோடு. இந்த முறை கல்லறைப் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் போனோம். முக்காட்டுக்கு வெள்ளைத் துணி. காரின் மூக்கு ஒரு முழம் நீண்டிருந்தது. லாரி இன்ஜினின் சத்தம் தொண்டை கட்டின கோவில் பிள்ளை ஜெபம் சொல்லுகிற மாதிரி இருந்தது. ஆனால் நடந்தது. சந்தோஷம் தாண்டியது. துக்கம் தாண்டியது. மகிமையும் தாண்டியது. பெர்னதெத் அதோடு விடாமல் மாதா பிரார்த்தனையும் சேர்த்துச் சொன்னாள். முடித்தபோது ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திறந்தேன். தண்ணீர் பாடிக்கொண்டுகூட இல்லை.

அவள் காரின் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

"இந்த இன்ஜின் இருக்கட்டும்," என்றாள்.

தை இருபத்தைந்து சாயங்காலம், மல்லேஸ்வரம் வேணுகோபாலசுவாமி கோவில். படியை ஒட்டிக் காரை நிறுத்தினேன். மாப்பிள்ளை ஒரு அடிகூட அதிகம் வைக்கக் கூடாது என்று மதியமே வந்து அளந்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அளந்திருந்தேன். பூக்காரரைத் தவிர. சிட்டி மார்க்கெட்டிலிருந்து வந்த அவர், ரேடியேட்டர் முகப்பு முழுவதையும் மூடி, மல்லிகையால் ஒரு ஜமுக்காளமே நெய்துவிட்டார். நடுவில் கனகாம்பரத்தில் ஒரு தாமரை. பார்க்க அழகாக இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அதுதான் என் புத்தி.

சந்தானம் தன் மாமா ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முப்பது வயதிருக்கும். சாம்பல் நிற சூட்டு, ரோஜா மாலை. கைத்தடியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஆறேழு குழந்தைகள் ஏறி அவரைச் சுற்றி நெருக்கின. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த நாதஸ்வர கோஷ்டி முன்னால், இருபுறமும் காஸ் விளக்குகள், பின்னால் பெண்கள். ஹெர்பர்ட் கையில் தண்ணீர்க் குடுவையோடு காரின் பக்கத்திலேயே நடந்தான். லாரிக் கியரில் போட்டுக் காலை எடுத்தேன். கார் நடந்தது.

ஒரு தெரு போனதும் சந்தானம் முன்னால் குனிந்தார். "என்ன இன்ஜின் இது?"

"கார் இன்ஜின்தான் சார்."

"இந்தச் சத்தத்துக்குக் கீழே ரெண்டு வருஷம் படுத்திருந்தவன்கிட்ட இப்படிச் சொல்றேளே." பிறகு இன்னும் தணிந்த குரலில், "இதுல ஒண்ணுதான் என் கால் மேல உக்காந்துது."

உலகத்தில் இத்தனை இன்ஜின் இருக்க, தேடிப் பிடித்து எதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருக்கிறேன்? திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்கோ. தப்பு ஜாக்கியோடது. இன்ஜின் தங்கம். யார் யோசனை?"

"என் வீட்டுக்காரி யோசனை சார்."

"அவாளைத்தான் எங்க கம்பெனியில வேலைக்கு வெச்சுக்கணும்."

மார்கோசா ரோடு முனையில் நாதஸ்வரக்காரர் நின்றார். கண்ணை மூடினார். தோடி ஆரம்பித்தது. நடக்கிற காருக்குச் சிரமமில்லை. நிற்கிற காருக்குத்தான் சூடு ஏறும்; தஞ்சாவூர்க்காரர் தோடியில் இறங்கிவிட்டால், நேரம் யார் கையிலும் இல்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ரசிகர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வேறு காரணத்துக்காக. காற்றில் ஒரு வாசனை வந்தது. மல்லிகைதான், ஆனால் தலையில் வைக்கிற மல்லிகை இல்லை. வேகிற மல்லிகை.

"பூ வேகறது," என்றார் சந்தானம் என் காதருகே. "ரேடியேட்டருக்குக் காத்தே போகலை. முன்னாடி இருக்கற பூவை எடுத்துடுங்கோ. பானெட்டையும் கழட்டிடுங்கோ. இல்லேன்னா அஞ்சு நிமிஷத்துல கொதிச்சுடும்."

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நாற்பத்து நாலு ஆவணியிலும் முன்பக்கம் பூ ஜமுக்காளம்தான். அதே பூக்காரர்தான். அப்படியென்றால் அந்தப் பழைய இன்ஜின் மேல் அவ்வளவு குற்றமில்லையோ? அந்த யோசனையை அங்கேயே அமுக்கினேன். ஹெர்பர்ட்டிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

இறங்கிப் பூவில் கை வைத்தேன். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டாள். "இதென்ன, ஊர்வலத்துக்கு நடுவுல பூவைப் பிய்க்கறது? அபசகுனம். யாரைக் கேட்டுண்டு கை வைக்கறேள்?"

கஸ்தூரிரங்கன் அவசரமாக வந்தார். என்னைப் பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து மாப்பிள்ளையின் காலுக்குப் போய்த் திரும்பியது.

"மாமி, நான் கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்," என்றேன். "பூ இருந்தா முடியாது. இல்லாட்டா முடியும். என்னைத் திட்டறதா இருந்தா வாசல்ல போய்த் திட்டுங்க. நான் அங்கேயே நிக்கறேன்."

"அம்மா," என்றார் சந்தானம், "பூவை என் மடியில போடச் சொல்லு. மாப்பிள்ளை மடியில பூ விழுந்தா அபசகுனமா?"

அந்தம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் பதில் இருக்கவில்லை போலிருக்கிறது. நானும் ஹெர்பர்ட்டும் பாதி வெந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி அவர் மடியில் வைத்தோம். குழந்தைகள் அதற்குள் கையை விட்டுப் பூவை வாரி ஒருவர் மேல் ஒருவர் எறிய ஆரம்பித்தன. பிறகு பானெட்டைக் கழற்றினோம். அதை எங்கே வைப்பது? காரில் இடமில்லை. ஹெர்பர்ட் துண்டைச் சும்மாடு கட்டி, அத்தனை நீளத் தகரத்தையும் தலையில் தூக்கிக்கொண்டான். காஸ் விளக்குக்காரர்களுக்கு நடுவில் அவனும் வரிசையில் ஒருவன் ஆனான். தண்ணீர் ஊற்றினேன். தோடி முடிந்தது. கார் நடந்தது.

திறந்து கிடந்த இன்ஜின் மேல் காஸ் வெளிச்சம் விழுந்தது. ஹெர்பர்ட் இந்தக் கல்யாணத்துக்கென்றே தேய்த்து வைத்திருந்த பித்தளைக் குழாய்கள் பளபளத்தன. விசிறி சுற்றியது. ஊர்வலத்தில் வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மேளத்தை விட்டுக் காரின் மூக்குப் பக்கம் வந்து நடக்கத் தொடங்கினார்கள்.

"எத்தனை சிலிண்டர்?"

"ஆறு சார்."

"ஏது?"

"யுத்தத்துக்குப் போய்வந்தது சார்," என்றான் ஹெர்பர்ட், பானெட்டுக்கு அடியிலிருந்து.

பதினேழாவது கிராஸில் கஸ்தூரிரங்கன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். நிறுத்துவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன்: என் கணக்கில் விட்டுப்போன ஒன்று அங்கே இருந்தது. வாசலில் பெரிய மாக்கோலம். அதன் மேல் காரை ஏற்ற முடியாது. கோலத்தைத் தாண்டிப் பன்னிரண்டடி, பிறகு ஐந்து படி. இருபுறமும் ஜனம் வரிசை கட்டி நின்றது. ஆலத்தித் தட்டோடு பெண்கள். மாடி ஜன்னலில் ஒரு பட்டுப்புடவை. தவில் உச்சத்தில் போய் நின்றது. தெருவே அமைதியாகி, எல்லாருடைய கண்ணும் காரின் கதவுக்கு வந்தது.

சந்தானம் கதவுப் பிடியில் கையை வைத்தார். திறக்கவில்லை. சீட்டுக்கு அடியில் தடியைத் தேடினார். ஒரு குழந்தை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் கோவிலிலிருந்து இருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது.

கியரை நியூட்ரலில் தள்ளினேன். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தேன்.

மல்லேஸ்வரம் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டிருக்காது. ராணுவமே தெருவுக்குள் வந்த மாதிரி இருந்தது. ஆலத்தித் தட்டு ஆடியது. தவில்காரர் குச்சியை நழுவவிட்டார். அத்தனை முகமும் இன்ஜின் பக்கம் திரும்பியது. நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு குழாயைக் காட்டி, "மச்சான், அதைப் பாரு, அதைப் பாரு," என்று கத்தினேன். அந்தக் குழாயில் ஒன்றுமில்லை. ஹெர்பர்ட் என்னைப் பார்த்தான், பின் சீட்டைப் பார்த்தான். இருபத்தைந்து வருஷம் அவனை முட்டாள் என்று நினைத்ததற்காக அந்த இடத்திலேயே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவன் பானெட்டைத் தலையிலிருந்து டமாலென்று தரையில் போட்டான்.

"எல்லாரும் இப்படி வாங்க," என்றான் தமிழிலும் கன்னடத்திலும். "பயமில்லை, கிட்ட வாங்க. இது பாருங்க, விசிறி. இது பெட்ரோல் வர்ற வழி. இங்கதான் நெருப்புப் பிடிக்குது..."

நெருப்பு என்றதும் கூட்டம் இன்னும் நெருங்கியது. ஓய்வு பெற்ற அதிகாரிகள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாகூடப் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் காலை எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் கதவு திறக்கிற அதிர்வு, இறங்குகிற பாரத்தில் காரின் ஆட்டம்; பிறகு தடி, ஒரு அடி, இழுப்பு, இன்னொரு அடி என்று மனசுக்குள் எண்ணினேன். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. நானும் பார்க்கக் கூடாது என்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. கஸ்தூரிரங்கன்.

"போறும் தியோடர்," என்றார். "உள்ளே போயாச்சு."

திரும்பினேன். பின் சீட்டில் பூவும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.